பிள்ளை முழிக்கட்டும்

முழிக்கட்டும், எனக்கென்ன அவசரம், இந்தப் படியில உக்காந்து பத்து நிமிஷம் ஆச்சு, இன்னும் பத்து நிமிஷம் உக்காந்தா தேஞ்சா போயிருவேன். மொத்தம் பன்னெண்டு படி, நான் இருக்கிறது மேலயிருந்து ஆறாவது, படி உயரம் ஏழரை அங்குலம், கடைசிப் படி மட்டும் எட்டு, எவனோ கணக்குத் தெரியாத ஆசாரி. இதையெல்லாம் யாரும் கேக்கலை, கண்ணு தானா அளக்குது, என்ன செய்ய. எதிர்ல மூடுன கதவு. கதவுக்குப் பின்னால இந்த வீட்டுக் கீழ்த்தளத்தோட கடைசி அறை, அறைக்குள்ள எட்டு மாசத்துப் பிள்ளை தூங்குது. தாய்க்காரி மரிசெல், பிலிப்பைன்ஸ்காரி, நோஞ்சான் உடம்பு, தூக்கம் கெட்ட கண்ணு, கையெடுத்துக் கும்பிடாத குறையாச் சொன்னா, மேடம், பல்லு முளைக்குது, ராத்திரி பூரா அழுகை, மேல ரோட்டுச் சத்தம், இங்க கொண்டாந்து போட்டுத்தான் இப்ப கண்ணசந்தான், இந்த ஒரு ரூமை மட்டும் விட்டுருங்களேன்னு. சரிம்மா, முழிக்கட்டும்னேன். விட்டுட்டுப் போறேன்னு அர்த்தம் எடுத்துக்கிட்டா பாவம். நான் படியில உக்காந்ததும் அவ முழிச்ச முழி இருக்கே! வேற என்ன செய்யச் சொல்றா, நான் வீட்டுக்கு மதிப்புப் போட வந்தவ, இருக்கிற அஞ்சு ரூமுல நாலைப் பார்த்துட்டு அஞ்சாவதை மனசுல நினைச்சுக்கிட்டு எழுதவா முடியும்? பேங்க்காரன் கேக்கிறது வீட்டை, முக்கால்வாசி வீட்டை இல்லை. யம்மா, முட்டி வலிக்குது. வெளியில மைனஸ் பதினெட்டு, அதுல வீட்டைச் சுத்தி மூணு தடவை நடந்திருக்கேன், டேப் பிடிச்ச விரல் இன்னும் எனக்குச் சொந்தமான விரலா வரலை.

மூணு தடவை ஏன் நடந்தேன்? கணக்கு ஒத்து வரலை, அதான். வெய்ன் கேட்டா சிரிப்பாரு. வெய்ன் எங்க ஆபீஸ் முதலாளி, இந்தக் குளிர் நாட்டு ரெஜைனா ஊருல முப்பது வருஷமா வீட்டுக்கு மதிப்புப் போடுறவரு, நான் எழுதுற ஒவ்வொரு ரிப்போர்ட்டுலயும் என் கையெழுத்துக்குக் கீழ அவர் கையெழுத்தும் விழுந்தாத்தான் அது ரிப்போர்ட், இல்லாட்டி வெறும் காகிதம். இங்க உள்ள சட்டம் அப்படி, நான் இன்னும் பயிற்சியில இருக்கிறவ. நாப்பத்தெட்டு வயசுல பயிற்சி! காலையில பழைய ஃபைலை மேசையில வெச்சாரு. ரெண்டு வருஷத்துக்கு முன்னால இவங்க வாங்கினப்போ இதே வீட்டை நான்தான் பார்த்தேன், அளவெல்லாம் இதுல இருக்கு ஷென், அதையே எடுத்துப் போடு, முக்கால் மணி நேரத்துல முடி, இன்னைக்கு இதை நேரத்துக்குக் கொடுத்தா அடுத்த வாரத்துலேர்ந்து நீ தனியாப் போ, இல்லைன்னா இன்னும் ஆறு மாசம் ஆபீஸ்ல உக்காந்து டைப் பண்ணு, சும்மா வேகத்துக்குத்தான் சொல்றேன், தப்பா எடுத்துக்காதேன்னாரு. ஷென்! எங்க அப்பா கோவில்பட்டி செண்பகவல்லி அம்மன் சந்நிதியில வெச்சுக் காதுல மூணு தடவை சொன்ன பேரை இந்த மனுஷன் முக்கால்வாசி தின்னுட்டாரு. போகட்டும், நல்ல மனுஷன்தான், வந்த புதுசுல வேற எவனும் வேலை கொடுக்காதப்போ இவர்தான் கொடுத்தாரு, கொடுத்ததை ஒரு நாளும் சொல்லிக் காட்டினது கிடையாது. அந்த ஃபைலைக் கார்ல உக்காந்து படிச்சேன். கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல ஒரு வரி, கீழ்த்தளப் படுக்கையறை பார்க்கப்படவில்லை, உள்ளே நாய். அன்னைக்கு நாய், இன்னைக்குப் பிள்ளை. இந்த ரூமுக்குள்ள எப்பவும் யாராவது படுத்துக்கிடக்காங்க. நாயைப் பார்த்து வெளியவே நின்னவரு அளவு மட்டும் எப்படிப் போட்டாரு, வெளிச்சுவர் நீளத்துல சுவர் கனத்தைக் கழிச்சு, மத்த ரூமைக் கழிச்சு, மிச்சம் பதினோரு அடி எட்டு அங்குலம்னு போட்டிருக்காரு. கணக்குல தப்பு இல்லை. நானும் அப்படித்தான் கழிச்சேன், எனக்கும் பதினொண்ணு எட்டுதான் வந்துச்சு. அதோட எழுந்திரிச்சுப் போயிருக்கலாம். மரிசெல் பிள்ளையைப் போட்டுட்டு வெளியில வந்தப்போ கதவு ஒரு சாண் திறந்துச்சு பாரு, அந்த நேரம் பார்த்து என் கை சும்மா இருந்துச்சா? அளக்கிற லேசரை எடுத்து உள்ள அடிச்சுட்டேன். யாத்தீ, பிள்ளை கண்ணுல படக்கூடாதுன்னு தலைக்கு மேல, நல்ல உயரத்துல எதிர்ச் சுவர்லதான் அடிச்சேன், சத்தியமா, இருந்தாலும் கேக்காம அடிச்சது திருட்டுத்தனம்தான். பத்து அடி நாலு அங்குலம்னு காட்டுச்சு. ஒண்ணே காலடிக்கு மேல காணோம்.

ஒரு அலமாரியில பட்டிருக்கும். திரைச்சீலையா இருக்கும். கதவு ஆடிச்சு, என் கை ஆடிச்சு, குளிருல மிஷினே தப்பாக் காட்டியிருக்கும். இப்படித்தான் பத்து நிமிஷமா எனக்கு நானே வக்கீலா இருக்கேன். ஆனா அந்தச் சுவருக்கு வெளியில நான் பார்த்தது? கூரைத் தண்ணி இறங்குற குழாய் நேரா அஸ்திவாரத்து ஓரத்துல வந்து முடியுது, நீட்டி விடணும்கிற அறிவு யாருக்கும் இல்லை. பனியைக் காலால தள்ளிப் பார்த்தா அந்தப் பக்கம் மட்டும் புதுசா ஜல்லி கொட்டியிருக்கு. மண்ணு விலகி இடைவெளி விழுந்தவன்தான் ஜல்லி கொட்டுவான், சும்மா ஒருத்தன் கொட்டுவானா? இந்த ஊரு மண்ணைப் பத்தி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். வந்த வருஷம் மே மாசம் பஸ் ஸ்டாப்புல நின்னுக்கிட்டு செருப்புல ஒட்டுன மண்ணை விரல்ல எடுத்துத் தேய்ச்சுப் பார்த்தேன், சிரிப்பு வந்துருச்சு. கரிசல்! நிறம் கொஞ்சம் வெளுப்பு, குணம் அச்சு அசல் அதே குணம். தண்ணி குடிச்சா ஊதும், காய்ஞ்சா பிளக்கும், மேல கட்டுனது மாளிகையா குடிசையான்னு பார்க்காது. கோவில்பட்டியச் சுத்தி இருபத்திரண்டு வருஷம் இந்த மண்ணு மேல நின்ன வீட்டைத்தான் பார்த்தேன், வீடு, கல்யாண மண்டபம், தீப்பெட்டி ஆபீஸ், மூவாயிரத்துக்குக் குறையாது. எந்த விரிசல் பூச்சு விரிசல், எந்த விரிசல் அடியிலேர்ந்து வருதுன்னு வாசப்படியில நின்னே சொல்லுவேன். சொன்னது தப்புனதும் கிடையாது. இதைச் சொன்னா பெருமை பீத்துறான்னு சொல்லுவாங்க. பீத்துறேன், என்ன இப்போ, சும்மாவா வந்துச்சு, வெயில்ல கறுத்து வந்தது.

தப்புனதே கிடையாதுன்னு சொல்லிட்டேன். பொய்யி. ஒரு தடவை. எட்டயபுரம் பக்கம் ஒரு வீடு, எனக்கு அப்போ இருபத்தி நாலு வயசு, லைசென்ஸ் வாங்கின புதுசு. ரெண்டு ரூம், அடுப்படி, பின்னால ஒரு ரூம். அந்தப் பின் ரூம் கதவுகிட்ட போனேன், வீட்டுக்கார அம்மா குறுக்க வந்து, தாயீ, பச்சை உடம்புக்காரி படுத்திருக்கா, ஒன்பதாம் நாளு, நீயும் பொம்பளைதான, உனக்குத் தெரியாதான்னா. தெரியாதா எனக்கு? பிள்ளை பெத்தவ படுத்திருக்கிற ரூமுக்குள்ள செருப்புக் காலோட டேப்பைத் தூக்கிக்கிட்டு அந்நிய மனுஷி போவாளா? கதவுக்கு வெளிய நின்னேன், உள்ள பிள்ளை சிணுங்குற சத்தம் கேட்டுச்சு, நல்லா இருக்கட்டும்னு வாய்க்குள்ள சொல்லிட்டு, கழிச்சுப் பார்த்துப் பத்துக்குப் பன்னெண்டுன்னு எழுதிட்டு வந்துட்டேன். ஒரு வருஷம் கழிச்சு பேங்க்ல கூப்பிட்டு விட்டாங்க. அந்த ரூமு அவங்களோடதே இல்லை! அண்ணங்காரன் பேர்ல இருக்கிற அடுத்த வீட்டு ரூமு, நடுவுல ஒரு கதவு வெச்சிருக்காங்க, அவ்வளவுதான். வீட்டுக்காரம்மா பொய்யும் சொல்லலை. பிள்ளை பெத்தவ படுத்திருந்தது நெசம், அண்ணன் பொண்டாட்டி அவ, அவ ரூமுல அவ படுத்திருந்தா. உள்ள போயிருந்தா எதிர்ப்பக்கம் இன்னொரு வாசல் இருக்கிறது ஒரே பார்வையில தெரிஞ்சிருக்கும். மேனேஜர் ஹால்ல அத்தனை பேர் முன்னால என் ரிப்போர்ட்டைத் தூக்கிப் பிடிச்சு, ஏம்மா, காலு வைக்காத ரூமுக்கு அளவு எப்படிம்மா போட்டீங்கன்னாரு. கோபமாக்கூடக் கேக்கலை, நெசமாவே தெரிஞ்சுக்கணும்கிற மாதிரி கேட்டாரு. அதான் உயிரை எடுத்துச்சு. கேஷ் கவுண்டர்ல நின்னவங்க எல்லாம் திரும்பிப் பார்த்தாங்க. அன்னைக்குப் பஸ்ல வரும்போது எங்க ஊரு தாண்டி நாலு ஸ்டாப் போனப்புறம்தான் இறங்கணும்கிற நினைப்பே வந்துச்சு. அதுக்கப்புறம் காலு வைக்காத ரூமைப் பத்தி ஒரு எழுத்து எழுதினதில்லை. சாமி ரூமா, குளிச்சிட்டு வாரேன். யாராவது தூங்குறாங்களா, முழிக்கட்டும். கோவில்பட்டி பேங்க்ல எல்லாம், செண்பகவல்லி மேடம் பார்த்துட்டாங்களா, அப்பச் சரின்னு அடுத்த பக்கத்தைத் திருப்புவாங்க. இருபது வருஷம் சேர்த்த பேரு அது.

அந்தப் பேரு இங்க பெட்டியில வரலை. என் வீட்டுக்காரருக்கு இங்க தானியக் கம்பெனியில எலக்ட்ரீஷியன் வேலை கிடைச்சுது, சரி வாரேன்னு வந்துட்டேன், ஆனா வேற வேலைக்குப் போக மாட்டேன்னு விமானத்துலயே சொல்லிட்டேன். பரீட்சை எழுதினேன். இந்த ஊரு மதிப்புப் போடுற விதம் வேற. தரைக்குக் கீழ இருக்கிறதை வீட்டுப் பரப்பளவோட சேர்க்கக் கூடாதாம். வித்த விலையை அப்படியே நம்பணுமாம். அதுல போய் மாட்டினேன் பாரு, முதல் மாசம், பக்கத்து வீடு என்ன விலைக்குப் போச்சுன்னு பத்திரத்துல இருக்கு, எனக்கா மனசு ஒப்பலை, நம்ம ஊருல பத்திரத்து விலை ஒண்ணு, கை மாறுன விலை ஒண்ணு, அதனால அந்தத் தெருவுல வீடு வீடாப் போயி, நெசமா எவ்வளவுக்குங்க வாங்குனீங்கன்னு கேட்டுட்டேன்! ஒரு கிழவி போலீசைக் கூப்பிடுவேன்னுட்டா. வெய்ன் கண்ணுல தண்ணி வரச் சிரிச்சாரு, ஆபீஸே சிரிச்சுது, நானும் சிரிச்சேன், வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்து விட்டு அழுதேன். அந்தச் சிரிப்புதான் இப்பவும் கழுத்துப் பக்கம் நிக்குது. ஒருவேளை இதுவும் அப்படித்தானோ? உள்ள ஒண்ணுமே இல்லாம, ஒரு அலமாரிக்காக ஒரு மணி நேரம் படியில உக்காந்திருந்தாடான்னு இன்னொரு கதை ஆயிருமோ? போன் அதிருது. வெய்ன். எங்க இருக்கே. ரெண்டு நிமிஷம் கழிச்சு அடுத்தது. போட்டோ வரலையே. கடைசி ரூம்ல பிள்ளை தூங்குது, முழிக்கட்டும்னு பதில் தட்டினேன். அடுத்தது. அந்த ரூமை விடு, பார்க்கலைன்னு ஒரு வரி எழுது, அனுமதி உண்டு. உண்டுதான், எனக்கும் தெரியும், பரீட்சையில அந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கினவ நான். ஒரு வரி. எழுதிட்டுப் போனா அடுத்த வாரம் தனியா வேலை. எழுதாம உக்காந்தா ஆறு மாசம் டைப் வேலை. எழுதாம உக்காந்து, உள்ள போயி, ஒண்ணே காலடி நெசமாவே காணோம்னா? அப்ப நான் எழுதப் போறது வெய்ன் எழுதினதுக்கு எதிரா. அதுக்குக் கீழ வெய்னே கையெழுத்துப் போடணும். அட ஆண்டவனே. பிள்ளையே, தங்கமே, தூங்கு, இன்னும் கொஞ்ச நேரம் தூங்கு. இல்லை, முழிச்சுரு.

மேல கால் சத்தம். மரிசெல் ரெண்டு கப்போட இறங்கி வாரா, எனக்கு ரெண்டு படி மேல உக்காந்து ஒண்ணை நீட்டுறா. இஞ்சி போட்ட டீ. அப்பாடா, விரலுக்கு உசிரு வந்துச்சு. மெதுவாக் கேக்குறா, கோவிச்சுக்காதீங்க மேடம், நாங்க வாங்கும்போது வந்தவரு பதினஞ்சு நிமிஷத்துல போயிட்டாராம், நீங்க ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க, என் வீட்டுல ஏதாவது கோளாறா? தெரியாதும்மா, பார்த்தாத்தான் தெரியும்னேன். கடனை மாத்தி எழுதணும், மதிப்பு நல்லா வந்தாத்தான் வட்டி குறையும், என் வீட்டுக்காரர் ரெண்டு ஷிப்ட் பாக்குறாருன்னா. எனக்கு மனசு கேக்கலை. ஆனா மனசு கேக்கலைன்னு எட்டயபுரத்துல ஒரு தடவை வெளிய நின்னாச்சு, போதும். மரிசெல், உன் பிள்ளை படுத்திருக்கிறது எந்தச் சுவரை ஒட்டி? கடைசிச் சுவருதான் மேடம், அந்தப் பக்கம்தான் சில்லுன்னு இருக்கு, இருந்தாலும் மத்த பக்கம் ஹீட்டர் குழாய். சில்லுன்னா எப்படி? பலகை தொட்டா ஐஸ் மாதிரி இருக்கும், ரெண்டு போர்வை போடுவேன். சொல்லிட்டு என் மூஞ்சியப் பார்த்தா. மூஞ்சியில ஒண்ணும் காட்டாம டீயைக் குடிச்சேன். குடிச்சு முடிக்கலை, உள்ளயிருந்து ஒரு வீறல் பாரு, எட்டு மாசத்துத் தொண்டையா அது!

பிள்ளையைத் தூக்கி என் இடுப்புல வெச்சுட்டுப் பால் காய்ச்ச ஓடிட்டா. பிடிங்க மேடம்னா, அவ்வளவுதான், ஊரு பேரு தெரியாத என்கிட்ட. கனமான பிள்ளை, மொழுமொழுன்னு, வந்ததும் என் கண்ணாடியப் பிடிச்சான். இருடா ராசா, பாட்டிக்கு வேலை இருக்குன்னேன், தமிழ்லதான் சொன்னேன், அழுகையை நிறுத்திட்டான். ஒரு கையில பிள்ளை, ஒரு கையில லேசர், இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும். பத்து நாலு. இன்னொரு இடத்துல. பத்து நாலு. அலமாரி இல்லை, திரைச்சீலை இல்லை. மடக்கின விரலால தட்டினேன், டொம்முன்னு வெத்துச் சத்தம், முழுச் சுவருமே பலகை, நல்ல வெள்ளைப் பெயின்ட். தரை ஓரத்துல காத்தோட்டத்துக்கு ஒரு சின்ன ஜாலி, ரெண்டு திருகாணி. ஒரு திருகாணி கையிலயே வந்துருச்சு. ஜாலியை ஒதுக்கிட்டு டார்ச் அடிச்சு, பிள்ளையை மார்போட அணைச்சுக்கிட்டு மண்டி போட்டுக் குனிஞ்சு பார்த்தேன். பார்த்தேன். கான்கிரீட் சுவரு நடுவுல வயிறு தள்ளி நிக்குது. குறுக்கால, இந்த முனையிலேர்ந்து அந்த முனை வரைக்கும் ஒரே கோடா விரிசல், என் கட்டை விரலு உள்ள போகும். விரிசல் ஓரம் ஈரம். அதை மறைக்கத்தான் எவனோ ஒண்ணே காலடி தள்ளிப் பலகை அடிச்சு வித்துட்டுப் போயிருக்கான், வெய்ன் மதிப்புப் போட வந்த அன்னைக்கு மறக்காம உள்ள நாயைக் கட்டிப் போட்டிருக்கான், படுபாவி. அந்தப் பலகையை ஒட்டி ஒரு தொட்டில் கட்டில், ரெண்டு போர்வை. என் தலையில ரத்தம் ஏறிருச்சு. சந்தோஷமும் வந்துச்சு, மறைக்க மாட்டேன், கண்ணு தப்பலை, கரிசல் என்னைக் கைவிடலைன்னு ஒரு சந்தோஷம். அடுத்த நொடி பிள்ளை என் தோள்ல எச்சில் வடிச்சான், சந்தோஷம் போயிருச்சு, அவனைத் தூக்கிக்கிட்டு அந்தச் சுவரை விட்டுத் தள்ளி வந்தேன்.

வெய்னைக் கூப்பிட்டேன். எடுத்ததும், ஷென், முடிச்சிட்டியான்னாரு. சுவரு உள்ள தள்ளியிருக்கு, முன்னால பலகை வெச்சு மூடியிருக்காங்க, போட்டோ அனுப்பியிருக்கேன் பாருங்கன்னேன். போட்டோவைப் பெரிசாக்கிப் பார்க்கிறாரு போல. பிள்ளை போனைப் பிடுங்கப் பார்க்கிறான். அப்புறம் கேட்டாரு, நான் அந்த ரூமுக்குள்ள போகலைன்னு எழுதுவியா? கோபமில்லை அந்தக் குரல்ல. தெரிஞ்சுக்கணும்கிற குரலு. எனக்கு வேலை கொடுத்த மனுஷன், முப்பது வருஷம் அவரும் பேரு சேர்த்திருப்பாரு, எனக்கா தெரியாது அந்தக் கேள்வி எங்க போயிக் குத்தும்னு. எழுதுவேன் வெய்ன், பழைய அளவு ஏன் ஒத்து வரலைன்னு எழுதாம இந்த ரிப்போர்ட் நிக்காதுன்னேன். எழுது, கையெழுத்துப் போடுறேன், அந்தப் பொண்ணுகிட்ட நானே வந்து சொல்லணும், இருபது நிமிஷத்துல வாரேன்னு வெச்சிட்டாரு. தனியாப் போறதா டைப் அடிக்கிறதான்னு அவரும் சொல்லலை, நானும் கேக்கலை.

மரிசெல் பால் புட்டியோட வாசல்ல நிக்கிறா, எவ்வளவு நேரமா நிக்கிறாளோ. டார்ச்சைக் கொடுத்தேன், குனிஞ்சு பார்த்தா. எழுந்திரிச்சவ அழலை, மதிப்பு எவ்வளவு குறையும்னு கேக்கலை. இது விழுமான்னு கேட்டா. அங்கதான் சிக்கல். இந்த நாட்டுல அதுக்குப் பதில் சொல்ல எனக்கு உரிமை கிடையாது, தகுதியுள்ள பொறியாளரை அழைத்துப் பார்க்கவும்னு அச்சடிச்ச வரி ஒண்ணு இருக்கு, அதை மட்டும்தான் நான் சொல்லலாம். அந்த வரியைச் சொன்னேன். அவ கண்ணை எடுக்காம, நீங்க பொறியாளரான்னா. இங்க இல்லைன்னேன். உங்க ஊருல? ஆமா, இருபத்திரண்டு வருஷம். அப்படின்னா நீங்க சொல்லுங்க, நான் வேற யாரையும் இப்ப கேக்க முடியாதுன்னா. சொன்னேன். நாளைக்கே விழாது, ஆனா பனி உருகினா மண்ணு ஊதும், இன்னும் தள்ளும், சரி பண்ணலாம், இதைவிட மோசமா நான் பார்த்ததெல்லாம் சரியாயி நிக்குது, ஆனா இன்னைக்கு ராத்திரி இவன் இங்க தூங்கக் கூடாது. எழுத்துல கொடுக்க முடியாதுன்னும் சேர்த்துச் சொன்னேன். அவ தலையாட்டிட்டு, பிள்ளையை என் கையிலேர்ந்து வாங்கித் துணியால முதுகுல கட்டிக்கிட்டா, போர்வையை உருவி எறிஞ்சிட்டுக் கட்டிலோட ஒரு முனையைப் பிடிச்சா. மறு முனையை நான் பிடிச்சேன். கதவைப் பார்க்கிறா, கட்டிலைப் பார்க்கிறா, இதைக் கழட்டாமக் கொண்டு போக முடியுமா மேடம், இந்தக் கதவுல போகுமா? பையில டேப் கிடந்துச்சு, எடுக்கலை. போகும்மா, படி திரும்புற இடத்துல மட்டும் உன் பக்கம் கொஞ்சம் சாய்ச்சுக்கோன்னேன். சாய்ச்சா. போச்சு.